பானட் சார் வண்டி கழுவிய காலை

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கரகரவென்று சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மூத்தவள் இன்னொரு முறை திருப்பினாள். அதே கரகர. முட்டி வேறு ஸ்டியரிங்கில் இடித்தது. ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுத்தால்தான் வருகிறவர்களுக்கு நாற்காலி போட இடம் கிடைக்கும் என்று மாமா அவளை அனுப்பியிருந்தார். மூன்றாவது முறை திருப்பப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். வண்டி கிளம்பாததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. எஞ்சின் சுற்றியதுதான் ஆச்சரியம். அது சுற்றவே கூடாது.

காலையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா விழுந்து இறந்துபோனார். தம்பி போனில் அப்படித்தான் சொன்னான். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்று எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் அப்பா வண்டி கழுவினால் முதல் வேலையாகப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றி ஓரமாக வைப்பார். கழற்றாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்க மாட்டார். ஒயர் கழன்றிருந்தால் சாவியை எத்தனை முறை திருப்பினாலும் ஒரு முனகல்கூட வராது.

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். கிளம்பினால் மூடிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த பானட் திறந்தே இருந்தது. எஞ்சினின் ஒரு பாதி பளபளவென்றிருந்தது, மறுபாதியில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளைத் திட்டாக ஒட்டியிருந்தது. கறுப்பு ஒயர் பேட்டரியில் மாட்டியிருந்தது.

முப்பது வருஷம் தபால் பையோடு சைக்கிள் மிதித்த மனுஷன், ஓய்வு பெற்றதும் வாங்கிய பழைய கார் அது. அதை ஓட்டியதைவிடத் திறந்து வைத்துத் துடைத்ததுதான் அதிகம். அதனால் தெருவில் அவருக்கு பானட் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. கழுவுவதற்கும் அவரிடம் ஒரு சட்டதிட்டம் உண்டு. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினைத்தான் தொடுவார். தண்ணீர் படக்கூடாத இடங்களைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்டு போடுவார். எண்ணெய்ப் பிசுக்கில் சோப்பு மருந்தை அடித்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். கடைசியில் பூச்செடிக்குத் தெளிப்பது போலத் தெளித்துத் துணியால் ஒற்றி எடுப்பார். குழாயைத் திருகிப் பீய்ச்சி அடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

மூத்தவளுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் மற்றவர்களுக்கு நிறம் தெரியும், அவளுக்குக் கோணல் தையல் தெரியும். வீட்டிலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாதவள் அவள்.

கூடத்துக்குப் போனாள். அப்பாவை மார்புவரை போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். காலையில் பார்த்ததும் அழுத அழுகையில் அவள் எதையும் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். வண்டி கழுவ அவருக்கென்று மசி படிந்த ஒரு பனியன் உண்டு. அதுவும் போகட்டும், சட்டையின் மேல் பொத்தான் இரண்டாவது துளையில் மாட்டியிருந்தது. அங்கிருந்து கீழே வரைக்கும் எல்லாமே ஒன்று தள்ளி. அப்பா தானாகப் போட்டுக்கொண்ட சட்டை இல்லை இது.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகளின் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"ஏம்மா, அப்பா எத்தனை மணிக்கு விழுந்தாரு?"

"எட்டு இருக்கும்."

"நீ எங்க இருந்தே?"

தம்பியின் மனைவி காபித் தம்ளரோடு நடுவில் வந்து நின்றாள். "அண்ணி, அத்தை காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அப்புறம் கேட்டுக்கலாமே."

அப்போதுதான் மூத்தவளுக்கு முட்டி இடித்தது நினைவுக்கு வந்தது. அப்பா ஒட்டடைக் கொம்பு. அவளும் அவரைக் கொண்டு பிறந்தவள், தம்பியும் அப்படியே. யார் உட்கார்ந்தாலும் சீட் பின்னால்தான் இருக்கும். யாரோ குள்ளமானவர்கள் அதை முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். தம்பி மனைவி அவள் தோளுக்குக் கீழே நின்றாள். மூன்று மாதமாக டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வருகிறவள்.

பிறகு எல்லாம் தானாகவே கோர்த்துக்கொண்டது. போன வாரம்தான் தம்பி அப்பாவிடம் "அந்த வண்டியை வித்துத் தொலைங்கப்பா" என்று கத்தியதாக அம்மா போனில் சொல்லியிருந்தாள். தனிக்குடித்தனம் இருக்கிற இவர்கள் காலையில் வந்து வண்டியைக் கேட்டிருப்பார்கள். பாதி கழுவியதைத் தர முடியாது என்று அவர் சொல்லியிருப்பார். இவன் ஒயரை மாட்டி, இவளை உட்கார வைத்திருப்பான். வாய்ச் சண்டை முற்றி அப்பா நெஞ்சைப் பிடித்திருப்பார். அதற்கப்புறம் ஊர் வாய்க்காக ஒரு நல்ல சட்டை. எடுக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அப்பாவைத் தூக்கிவிட்டால் கேள்வியும் அவரோடு போய்விடும்.

வாசலில் நின்ற தம்பியைக் கையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்து வந்தாள்.

"வண்டியை யாருடா எடுத்தது?"

"யாரும் எடுக்கலையே."

"பேட்டரி ஒயரை மாட்டினது யாரு? சீட்டை முன்னாடி தள்ளினது யாரு? உன் பெண்டாட்டியா?"

"அவளை ஏன்க்கா இழுக்கிறே? நான் வர்றப்பவே அப்பா..." என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"வர்றப்பவே என்ன? நீதானே பக்கத்துல இருந்து தாங்கிப் பிடிச்சேன்னு சொன்னே?"

"அக்கா, இன்னிக்கு வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்."

"சரி. நான் உள்ளே போய் எல்லார் முன்னாடியும் கேக்கறேன்." அவள் திரும்பினாள்.

தம்பி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் அடி வாங்கப் போகும்போது அப்படித்தான் பிடிப்பான். "அம்மாக்கா," என்றான். "ஓட்டினது அம்மா."

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காரில் பின்சீட்டைத் தவிர வேறு இடம் தெரியாத அம்மா.

"இனி வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் அப்பாகிட்ட சொன்னாரில்ல, அன்னிலேருந்து அம்மாவுக்கு அவரே கத்துக்குடுத்திருக்காரு. விடிகாலையில, இந்தச் சந்துக்குள்ளேயே. எனக்கே போன வாரம்தான் தெரியும். அதான் வித்துத் தொலைங்கன்னு கத்தினேன். இன்னிக்குக் கழுவிட்டு இருக்கும்போது நெஞ்சு வலி வந்திருக்கு. ஆம்புலன்ஸுக்கு இருபது நிமிஷம் ஆகும்னுட்டான். அம்மா பனியன் மேலேயே ஒரு சட்டையை மாட்டி, அவரை முன்சீட்டுல உக்கார வெச்சு, ஒயரையும் மாட்டி, கால் எட்டலன்னு சீட்டை முன்னாடி இழுத்துக் கிளப்பிட்டாங்க. கேட்டைத் தாண்டல. வண்டி திணறித் திணறி நின்னுடுச்சு. அப்புறம் கிளம்பவே இல்ல. நான் வந்தப்போ அப்பா அம்மா தோள் மேல சாஞ்சிருந்தாரு. அம்மா அப்பவும் சாவியைத் திருப்பிக்கிட்டே இருந்தாங்க."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வண்டியைப் பின்னால தள்ளி, பானட்டைத் திறந்து வெச்சது நான்தான். அம்மாதான் சத்தியம் வாங்கிட்டாங்க. ஊருக்குக்கூடத் தெரிஞ்சா பரவாயில்ல, அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம், அவ எங்கே தப்புன்னு கண்டுபிடிக்காம விட மாட்டான்னாங்க."

யாரோ கூப்பிட, அவன் போய்விட்டான். மூத்தவள் அங்கேயே நின்றாள். கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. அப்படியும் கண் சும்மா இருக்கவில்லை. நேற்றுவரை ஓடிய வண்டி ஏன் நின்றது? அவள் குனிந்து எஞ்சினைப் பார்த்தாள். ஃப்யூஸ் பெட்டியின் மேல் பை இல்லை, ரப்பர் பேண்டின் தடம் மட்டும். மற்ற இடங்களிலும் பைகளை உருவி எடுத்திருந்தார்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால், கீழே, எஞ்சின் காற்று இழுக்கிற குழாயின் வாய் இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டாள். வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது.

பை. ரப்பர் பேண்டு இன்னும் குழாயைச் சுற்றி இருந்தது. பை மட்டும் உள்பக்கமாக உறிஞ்சப்பட்டு, குழாயின் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது. அவள் அதை மெல்ல வெளியே இழுத்தாள்.

"வண்டி ஏன் நின்னுச்சுன்னு பார்க்கிறியா?"

அம்மா ஷெட் வாசலில் நின்றிருந்தாள். மூத்தவள் பையை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"அவன் சொல்லிட்டான்னு மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது," என்றாள் அம்மா. "நான் அவருக்கு நாலு பை எடுத்துக் குடுத்தேன்டி. அவசரத்துல உருவி உருவி அந்த வாளியிலதான் போட்டேன். நாலையும் எடுத்தேனான்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன், ஞாபகமே வரல. காலையிலேருந்து வந்து எண்ணிப் பார்க்கணும்னு இருக்கு. கால் வர மாட்டேங்குது."

மூலையில் பாதித் தண்ணீரோடு ஒரு வாளி இருந்தது. நுரைக்குள் பைகள் மூழ்கிக் கிடந்தன. அம்மா அதை நோக்கி நடந்தாள்.

"இரும்மா. புடவை நனையும். நான் எண்றேன்."

மூத்தவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டாள். சுருட்டிய விரல்களை உள்ளேயே பிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் போட்டாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." கொஞ்சம் தேடினாள். "நாலு."

"நாலா?"

"நாலும்மா."

அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டுத் தொட்டுத் தானும் ஒருமுறை எண்ணினாள்.

"அப்போ வண்டிதான் சரியில்ல," என்றாள்.

"பழைய வண்டிதானேம்மா."

வாசலில் அப்பாவை எடுத்துப்போகிற வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாமா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா போகவில்லை. பைகளை ஒவ்வொன்றாக உதறி, ஷெட்டின் குறுக்கே கட்டியிருந்த கொடியில் காயப் போட்டாள். பறந்துவிடாமல் நாலுக்கும் கிளிப் மாட்டினாள். நாலிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.