மாமாவின் எழுத்து பெரிதான கதை

என் மாமனாருக்குப் பார்க்கின்சன் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஓர் அம்மாள். மாமா பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதுகிறவர். "என்ன சார், என் பொண்ணு பேரை எறும்பை விட்டு எழுதச் சொன்னீங்களா?" என்று கேட்டாராம் அந்த அம்மாள். இந்த நோய் சிலருக்குக் கை நடுங்குவதற்கு முன்பே எழுத்தைச் சுருக்கிவிடும். மாமாவின் வரி பெரிதாகத் தொடங்கி, போகப்போகப் பொடியாகி, கடைசி எழுத்து வெறும் கிரீம் சொட்டாக நின்றிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், என் பிழைப்பே இந்த நோய்தான். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டுகிறேன். மூளை செல்லுக்குள் தன் பாட்டுக்கு இருக்க வேண்டிய அது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாகிவிடும். கை காலை இயக்கும் செல்கள் அந்தக் கட்டிகளோடு மெல்ல மெல்ல மடியும். செடிச்சாறு ஏதாவது கட்டியைக் கரைக்குமா என்று தேடுகிறோம். கண்ணாடிக் குழாயில் மஞ்சளும் கரைக்கிறது, தேயிலையும் கரைக்கிறது. ஆனால் வயிற்றையும் ரத்தத்தையும் தாண்டி மூளைக்குப் போய்க் கரைக்குமா என்று கேட்டால் எல்லாரும் தலையைச் சொறிகிறோம்.

அத்தை இதில் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கிக்கொள்வார். "பாத்தியா, உங்க லேபே மூலிகை பின்னாடிதான் ஓடுது!" என்றவர், யாரோ சொன்ன பக்குவத்தில் கஷாயம் காய்ச்ச ஆரம்பித்தார். வீடு முழுக்க நனைந்த சாக்குப்பை வாடை. கூடவே கறாரான பத்தியம். பொழுது சாயும்வரை முட்டை, பால், பருப்பு, கறி எதுவும் கூடாது, ராத்திரி வேண்டியதைச் சாப்பிடலாம். காலை மாத்திரையோடு இரண்டு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால் என்று ராஜாவாக வாழ்ந்த மாமா ரொட்டிக்கும் பழத்துக்கும் இறங்கினார். கஷாயம் பிளாஸ்கில் பேக்கரிக்குப் போனது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் நோய் தெரிந்ததிலிருந்து வாயடைத்துப்போயிருந்த அத்தைக்குக் குரல் திரும்பியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் மாமாவின் எழுத்து நிஜமாகவே பெரிதானது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காலை, மாமா வேலைக்குக் கிளம்பியதும் மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தார்.

"மத்தியானத்திலேர்ந்து மாத்திரை கிடையாது. கஷாயமே போதும்."

 அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டைபோல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். சொன்னேன், கெஞ்சினேன்.

"நீ குழாய்ல பாக்குறே, நான் ஆள்ல பாக்குறேன்" என்றார் அத்தை. சுருக்கென்றது.

லீவு போட்டுவிட்டு நேராகப் பேக்கரிக்குப் போனேன். பின்கட்டில், தட்டுகள் கழுவும் தொட்டியருகே மாமா நின்றிருந்தார். பிளாஸ்கைக் கவிழ்த்துக் கஷாயத்தைக் கடகடவென்று கொட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா!"

"மெதுவா பேசும்மா. அவ காது எங்க வேணா இருக்கும்."

"எத்தனை நாளா இது?"

"முதல் நாள் ஒரு வாய் குடிச்சேன். செத்துப்போன சொந்தக்காரங்க எல்லாம் வரிசையா வந்து நலம் விசாரிச்சாங்க. அப்புறம் தொடவே இல்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடங்கியதும் யோசித்தேன். கஷாயம் உள்ளே போகவில்லை. மாத்திரையும் அதே மாத்திரைதான். பிறகு எழுத்து எப்படிப் பெரிதானது?

"பத்தியமாவது இருந்தீங்களா?"

"அதுல எங்க ஏமாத்துறது? காலையிலயும் மத்தியானமும் வீட்டுல தட்டுல போடுறதே அவதானே!"

அட, நம் புத்தியைச் சொல்ல வேண்டும்! உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். நான் நினைத்தது சரிதான் என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் குறை வைக்கக் கூடாது, எடை இறங்காமல் பார்க்க வேண்டும், மாத்திரையில் கை வைக்கவே கூடாது என்றும் சொன்னார்.

"மாமா, மாத்திரையை நிறுத்தப் போறாங்க. உண்மையைச் சொல்லியாகணும்."

மாமாவின் முகம் வாடியது. "நீயே சொல்லிடேன்மா. திட்டினா தாங்கிப்பேன். அழுதா எனக்குத் தாங்காது."

"கொட்டினது யாரு? நானா?"

மாமா பிளாஸ்கை மூடி வைத்தார். பிறகு எழுதாத கேக் ஒன்றை முன்னால் இழுத்து, கிரீம் பையைக் கையில் எடுத்தார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் அத்தையின் முன் கேக் பெட்டியைத் திறந்தோம். கொட்டை எழுத்தில், ஒரு கோணல் இல்லாமல் இருந்தது: 'கஷாயத்தைக் கொட்டிவிட்டேன். மன்னித்துவிடு.'

"எல்லா நாளுமா?" என்றார் அத்தை. மாமா தலையாட்டினார். அத்தையின் கண் நிறைந்துவிட்டது.

நான் குறுக்கே புகுந்தேன். "அத்தை, மாத்திரையும் முட்டையும் உள்ளே போக ஒரே வாசல்தான். பத்தியத்துக்கு முன்னாடி முட்டையும் பாலும் முண்டியடிச்சதுல மாத்திரை வெளியிலேயே நின்னுடுச்சு. பகல்ல அந்தக் கூட்டத்தை நீங்கதான் நிறுத்தினீங்க. அதான் மாத்திரை ஒழுங்கா வேலை செய்யுது."

"அப்போ அந்தக் கட்டி?"

"அது அப்படியேதான் இருக்கு அத்தை. அதைக் கரைக்க எங்களுக்கே இன்னும் வழி தெரியல."

 இத்தனை படித்தும் இந்த வீட்டில் ஒரு நல்ல செய்தி சொல்ல முடியவில்லையே என்றிருந்தது.

அத்தை கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தின் பக்கத்தில் விரலை வைத்து, முதல் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டப்பாவை இறக்கினார். ஒரு மாத்திரையை மாமாவின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, அவர் விழுங்கும்வரை நகரவில்லை.

ஆபத்து தாண்டிவிட்டதென்று நினைத்தாரோ என்னவோ, மாமா கேக் ஓரத்துக் கிரீமை நோக்கி மெல்ல விரலை நீட்டினார். அத்தை பட்டென்று அந்தக் கையில் ஒன்று போட்டார்.

"அதுல முட்டை இல்லையா, பால் இல்லையா? பொழுது சாயட்டும்."