முப்பதாவது வாய்

கோப்பையை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு டீச்சர் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். சரியில்லை. மறுபடி வந்து, பள்ளிக்கூடத்தின் பெயர் வெட்டியிருந்த பக்கம் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். பெட்டியின் விளிம்பில் இடித்து டங்கென்று ஒரு சத்தம் வந்தது.

"இது உங்க அம்மாவுக்குத்தான்மா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நேத்து போட்டில நாம ஜெயிச்சதே அவங்களுக்காகத்தான்."

மகள் சமையலறை நிலையில் சாய்ந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த அம்மாவின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் தறிக்கு முன்னால் நின்று நின்று பலகை மாதிரி தட்டையாகிப்போன பாதங்கள். அவற்றுக்கு நடுவில் பளபளவென்று கோப்பை வந்து உட்கார்ந்துகொண்டது.

முன்னறை சின்னது. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பெட்டி. ஒரு சுவரை ஒட்டி இரவல் நாற்காலிகளில் மில் பெண்கள். எதிர்ச் சுவரை ஒட்டி, நீலக் கோட்டு போட்ட பள்ளிப் பாட்டுக் குழு மூன்று வரிசையாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. இருபத்தொன்பது பேர். நடு வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"வாம்மா, உன் இடம்," என்றாள் டீச்சர். "ஒரே ஒரு பாட்டு. கோட்டு போட்டுக்கோ. வழக்கம் போலத்தான்."

வழக்கம் போல என்றால் என்ன என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

மாணவர் தலைமைக் குழுவின் தலைவி போனைக் குறுக்காகப் பிடித்து, எங்கே நின்றால் பெட்டியும் கோப்பையும் குழுவும் ஒன்றாக விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டில் ஐந்து பேட்ஜ் குத்தியிருப்பதால் பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு 'பேட்ஜ்' என்றுதான் பெயர். நேற்று மேடைக்குப் போகும் முன் எல்லோருடைய போனையும் டப்பாவில் வாங்கிப் பூட்டியவளும் அவள்தான்.

மகள் சமையலறைக்குள் திரும்பிக்கொண்டாள். பின்னாலேயே மாமா வந்தார். அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுபவர். கையில் ஒரு பச்சைப் புத்தகமும் பேனாவும்.

"என்ன மாமா அது?"

"அந்த பேட்ஜ் போட்ட பொண்ணு குடுத்துச்சு. சமூக சேவை, ரெண்டு மணி நேரம்னு எழுதியிருக்கு. இதுல கையெழுத்து வேணுமாம்."

"சாவு வீட்டுக்கு வந்ததுக்கா?"

"விடுடி. சின்னப் பசங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போய் நின்னுட்டு வந்துடு. உங்க டீச்சர் இவ்ளோ பேரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நாளைக்கு நர்சிங் காலேஜுக்கு அவங்கதானே சிபாரிசு எழுதித் தரணும்? நல்ல மனுஷி. நேத்து பத்து மணிக்கு நான் போன் பண்ணப்பகூட எவ்ளோ தன்மையா பேசினாங்க தெரியுமா? 'கவலைப்படாதீங்க, உடனே அனுப்பிடறேன்'னாங்க."

"எத்தனை மணிக்கு?"

"பத்து. இனி தாங்காதுன்னு டாக்டர் சொன்ன உடனே. நீ போன் எடுக்கலன்னு அவங்க நம்பருக்குப் பண்ணேன்."

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அவர்கள் மேடை ஏறியது பத்தரைக்கு. முடிவு சொல்லி, கோப்பை வாங்கி, படம் எடுத்து முடித்த பிறகுதான் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "இப்பதான்மா போன் வந்துச்சு," என்றாள். அரங்கத்திலிருந்து ஆஸ்பத்திரி கால் மணி நேரம். அம்மா போனது பத்தே முக்காலுக்கு.

"நீ வந்துட்டிருக்கேன்னு அவகிட்ட சொன்னேன்," என்றார் மாமா. அவருக்கும் இப்போதுதான் கணக்கு பிடிபட ஆரம்பித்தது. "கடைசில மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுட்டா. வாசலையே பாத்துட்டு ஏதோ சொன்னா. சத்தம் வரல. ரெண்டு தடவை சொன்னா. எனக்கு அந்த மில்லுப் பேச்சு தெரியாதேடி. நீ இருந்திருந்தா…"

அடுப்பில் யாருக்காகவோ வைத்த டீத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

மில்லில் நூற்றிருபது தறி. ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. வாயை அகலமாகத் திறந்து, உதட்டை நன்றாகக் குவித்து விரித்து, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். ஆறு தறி தள்ளி நிற்பவளுக்கு மாமியார் சண்டையை ஒன்று விடாமல் சொல்லி முடிக்கலாம். யாருக்கும் பெயர் கிடையாது, தறி எண்தான். அம்மா பதினேழு. அடுத்த தறிக்காரி பதினெட்டு. இரண்டு பேர் சொந்தக் கதை பேசினால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்ப்பதுதான் அங்கே ஒட்டுக்கேட்பது.

காது பாதி போன பிறகு அம்மா வீட்டிலும் அப்படித்தான். ஒன்று சத்தமில்லாத பேச்சு, இல்லையென்றால் தெருவுக்கே கேட்கிற கத்தல். அம்மாவோடு அப்படிக் கத்திப் பழகிய குரலோடுதான் மகள் ஒன்பதாம் வகுப்பில் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். இரண்டாம் நாளே டீச்சர் நிறுத்திவிட்டாள். "உன் குரல் மட்டும் ஆணி மாதிரி துருத்திட்டு நிக்குது. நீ பாடாதே. வாயை மட்டும் அசை, போதும்." வெளியே அனுப்பவில்லை. போட்டிக்கு முப்பது பேர் கட்டாயம். பாடத் தெரிந்தவர்கள் இருபத்தொன்பது பேர்தான் இருந்தார்கள்.

சும்மா அசைக்கிற வாயை அவள் வீணாக்கவில்லை. அம்மா எல்லா நிகழ்ச்சிக்கும் வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். மற்றவர்கள் விடியலைப் பாடும்போது இவள், "மிஸ் ஜாக்கெட் பின்னாடி விலைச்சீட்டு தொங்குது பாரு," என்பாள். அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். சிரிப்பு இருமலாக மாறும். இருமி முடித்துவிட்டு அங்கிருந்தே, "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். "இல்ல." "ஏன்டி?" பாட்டு முடிவதற்குள் வீட்டில் என்ன சமைப்பது என்பது வரை பேசி முடித்துவிடுவார்கள். தாயும் மகளும் பாட்டில் உருகுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மூன்று வருஷம், பதினாறு மேடை.

பதினேழாவது மேடையில் கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது. பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்து அம்மா ஆஸ்பத்திரியில் ஐந்தாவது நாளாகப் படுத்திருந்தாள். மாஸ்க் வாயை மூடியிருந்ததால் அன்று காலையில் அவளால் பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினாள், போ போ என்று. இவள் போனாள். காலி நாற்காலியைப் பார்த்து மூன்றரை நிமிஷம் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அவள் ஆணியில் மாட்டியிருந்த நீலக் கோட்டை எடுத்தாள்.

"அதான் சரி," என்றார் மாமா. ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

நடு வரிசையில் அவள் இடத்தில் போய் நின்றாள். டீச்சர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள். பாட்டு தொடங்கியது. விடியலைப் பற்றிய அதே பாட்டுதான். சாவு வீட்டுக்குப் பொருந்தாது, ஆனால் அவர்களுக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது அது ஒன்றுதான். இருபத்தொன்பது குரல்கள் ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒன்றாகச் சேர்ந்து எழுந்தன. நன்றாகத்தான் பாடினார்கள். அது அவளை இன்னும் எரித்தது.

எதிரே முன் நாற்காலியில் பதினெட்டு. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் சத்தமில்லாமல் வாயைத் திறந்தாள். "பெரியம்மா. என்னைப் பாருங்க."

பதினெட்டு நிமிர்ந்தாள்.

"நான் பாடல. மூணு வருஷமா பாடினதே இல்ல."

"தெரியும்," என்றது பதினெட்டின் வாய். "உங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே."

"நேத்து பத்து மணிக்கே மாமா இவங்களுக்கு போன் பண்ணியிருக்காரு. ஒரு ஆள் குறையும்னு என்கிட்ட சொல்லல. பாடி முடிச்சு, கப்பு வாங்கி, போட்டோ எடுத்துட்டுத்தான் சொன்னாங்க."

பதினெட்டின் முகம் மாறவில்லை. மில்லில் மேஸ்திரி வரும்போது அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

"அம்மா கடைசியா வாயால பேசியிருக்கா. அங்க இருந்த யாருக்கும் புரியல. நான் இங்க மரம் மாதிரி நின்னு வாயை ஆட்டிட்டிருந்தேன்."

பதினெட்டு மெல்லத் திரும்பிப் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. அடுத்தவள் அதற்கடுத்தவளிடம். தறியில் நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற மாதிரி விஷயம் முன் வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், பின் வரிசைக்கு ஏறி, திரும்பி வந்தது. "பத்து மணிக்கேவா?" "பாவி." "அந்த மஞ்சள் புடவை டீச்சரா?" "பெத்தவ சாவறான்னு தெரிஞ்சுமா?" "இவ வாயில தீயை வெக்க." அறையின் அந்தப் பக்கம் இருந்த எல்லா வாயும் அசைந்தது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

டீச்சர் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே இளகிப்போனது. ஒரு கையால் தாளம் போட்டுக்கொண்டே மறு கையால் பேட்ஜிடம் அந்தப் பக்கம் எடு, அவர்களை எடு என்று சைகை காட்டினாள்.

பாட்டு முடிந்தது.

"எனக்கு வார்த்தையே வரல," என்றாள் டீச்சர். கண் நிறைந்திருந்தது. "நீங்க எல்லாரும் கூடவே பாடினீங்களே…"

"அவங்க பாடல மிஸ்."

சொந்தக் குரலில் வந்தது. துருத்திக்கொண்டு. அவள் இவ்வளவு சத்தமாகப் பேசிக் குழுவில் பாதிப் பேர் கேட்டதே இல்லை. முன்வரிசையில் நின்ற சின்னப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நான் சொன்னதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டிருந்தாங்க."

"நீ என்ன சொன்னே?"

"பத்து மணிக்கு போன் வந்துச்சுன்னு."

டீச்சர் மாமாவைப் பார்த்தாள். மாமா பச்சைப் புத்தகத்தைப் பார்த்தார்.

"மேடை ஏறற நேரம்மா அது," என்றாள் டீச்சர். "நீ பதறிடுவேன்னுதான்… இவ்ளோ சீக்கிரம்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

"நான் பதறினா என்ன மிஸ்? நானா பாடறேன்? நான் போயிருந்தா பாட்டுல என்ன குறைஞ்சிருக்கும்? சொல்லுங்க."

வகுப்பில் கேட்ட கேள்வி என்று நினைத்துவிட்டாளோ என்னவோ, அந்தச் சின்னப் பெண்தான் பதில் சொன்னாள். "முப்பது பேர் வேணும்க்கா."

டீச்சர் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தாள்.

பதினெட்டு எழுந்து, கோப்பையின் காதைப் பிடித்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது போலத் தூக்கினாள். "இதையெல்லாம் பெட்டில வெக்காதீங்க டீச்சர். தூக்கிட்டுப் போற தெம்பு அவளுக்கு இல்ல." வாசலுக்குப் போய்ச் செருப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

குழு வெளியேற நேரம் பிடித்தது. முப்பது ஜோடி ஷூவை அந்தச் சின்ன வாசலில் தேடி எடுக்க வேண்டியிருந்தது. கோப்பையைத் தாண்டித் தாண்டிக் காலை வைத்தார்கள். அவள் கோட்டைக் கழற்றி, மடிக்காமல், கடைசியாகப் போன ஒருத்தியின் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பேட்ஜ் மட்டும் மாமா முன்னால் வந்து நின்றாள். "அங்கிள், அந்த புக்கு…"

மாமா பேனாவை மூடினார். "ரெண்டு மணி நேரம் ஆகலியே பாப்பா. இருபது நிமிஷம்தான் ஆச்சு." புத்தகத்தைக் கையெழுத்துப் போடாமலே நீட்டினார்.

வாங்கிக்கொண்டு போனவள் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "மிஸ் கேக்கறாங்க… திங்கக்கிழமை அசெம்பிளில கப்பு வேணுமாம்."

"எடுத்துக்கோ," என்றாள் பதினெட்டு. கோப்பைக்குள் யாருடைய செருப்போ ஒன்று கிடந்தது. பேட்ஜ் அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டுக் கோப்பையை அணைத்துக்கொண்டு ஓடினாள்.

பெட்டியை எடுத்துப்போக வண்டி மூன்று மணிக்கு. அதற்கு முன் பதினெட்டு மாமாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வா. இப்படி வெளிச்சத்துல நில்லு. கடைசில அவ வாயை எப்படி வெச்சா? காட்டு."

மாமா கூச்சப்பட்டார். பிறகு உதட்டைக் குவித்தார், விரித்தார், மூடினார். லாரி ஸ்டியரிங் பிடித்த பெரிய மனுஷன் அத்தனை பெண்களுக்கு முன்னால் குழந்தை மாதிரி வாயை அசைத்தார். எல்லோரும் அந்த வாயையே பார்த்தார்கள். மகள் ஓரடி முன்னால் வந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை."

காட்டினார். முதலில் காட்டியது மாதிரி இல்லை. மூன்றாவது தடவை அது வேறாக இருந்தது.

"'வந்தியா'வா இருக்குமோ?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"'வேணாம்' மாதிரி இருக்கு," என்றாள் இன்னொருத்தி.

"மீசைல ஒண்ணும் தெரியல."

மாமா நான்காவது தடவை உதட்டைக் குவித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பதினெட்டு கையை ஆட்டினாள், போதும் என்று.

வெளியே வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு வாசலில் காத்திருந்தார்கள்.

"மூடப் போறாங்க," என்றாள் பதினெட்டு அவளிடம். "பேசறதுன்னா பேசிடு."

அவள் பெட்டியின் கால்பக்கம் போய் நின்றாள். அங்கிருந்தால்தான் அம்மாவின் முகம் நேராகத் தெரியும். வாயை அகலமாகத் திறந்தாள். உதடுகள் அசையத் தொடங்கின.

நாற்காலிகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மாமா மட்டும் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு கையை நீட்டி, அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.