கழுகுப்பாறையின் நான்காவது கட்டம்

ஜெயசித்ரா அக்காவுக்கு இருபது நாள் லீவு வேண்டும். ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியின் மேனேஜர் விஷயத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"லீடரா போறேன்னு லெட்டர் கொண்டா, தாரேன். கூட்டத்தோட கூட்டமா போறதுக்கெல்லாம் தறிய நிறுத்த முடியாதும்மா."

மதுரையிலுள்ள மலையேற்றக் கிளப் ஒன்று செப்டம்பரில் பத்துப் பெண்களை இமயமலைக்குக் கூட்டிப்போகிறது. சிகரம் ஆறாயிரம் மீட்டர். பத்துப் பேருக்கும் யார் லீடர் என்பதை முடிவு செய்யத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று அணிகள் கழுகுப்பாறையின் அடியில் நின்றோம். மதுரை அணி, தேனி அணி, எங்கள் அணி. ஓர் அணிக்கு மூன்று பேர், ஒரு கயிறு. பாறையில் நான்கு கட்டம். மூவரும் உச்சிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம்தான் கெடு. ஒவ்வொரு கட்டம் முடிகிற இடத்திலும் மூன்று பேர் நிற்கும் அளவுக்கு ஒரு விளிம்பு இருக்கும். உச்சியில் ஒரு தகர டப்பாவுக்குள் நோட்டு வைத்திருக்கும். எந்தக் கட்டத்தில் யார் முன்னால் ஏறினார்கள் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷம் கடைசிக் கட்டத்தை வேறொருத்தியிடம் விட்டுக்கொடுத்த லீடரைக் கிளப் எடுக்கவில்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

எங்கள் அணியில் அக்காவுக்கு அடுத்தவள் ஜாஸ்மின். சேத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். வாய் ஓயாது. மூன்றாவது ஆள் நான், அனுக்ரஹா. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மாட வீதியில். கல்லூரியில் இரண்டாம் வருஷம். பனி என்றால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பார்த்ததுதான். ஆனாலும் எட்டு மாதமாகக் கண்ணை மூடினால் எனக்குள் எங்கேயோ பனி பெய்துகொண்டிருந்தது. அதனால் பாதி நேரம் சொன்னது காதில் விழாது.

"ஏட்டி, பராக்குப் பாக்காம கயித்தப் பாரு" என்பாள் அக்கா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள்.

பாறை ஏறக் கற்றதெல்லாம் அவளிடம்தான். மதுரையிலிருந்து பயிற்சியாளர் ஹரிகிருஷ்ணன் சார் மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் அக்காதான் எங்களை மேய்ப்பாள். ஏறுவதற்கு முன் ஜாஸ்மின் இடுப்பிலும் என் இடுப்பிலும் கயிற்று முடிச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அவள் முடிச்சை நாங்கள் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றியதும் இல்லை. அது கோயிலில் பட்டருக்கு நான் மந்திரம் எடுத்துக்கொடுப்பது போல இருந்திருக்கும்.

முதல் இரண்டு கட்டத்தையும் அக்கா ஓட்டமாக ஏறினாள். நாங்கள் பின்னாலேயே போனோம். மூன்றாவது கட்டத்தின் விளிம்புக்கு வந்த பிறகுதான் கயிறு கீழே ஒரு சூரைப் புதரில் சிக்கியது. மூவரும் விளிம்பில் நின்று இழுத்தும் வரவில்லை.

"நல்லா மாட்டுச்சு. முள்ளுக்கும் இமயமலைக்குப் போக ஆசை போல" என்றாள் ஜாஸ்மின்.

அக்கா பாறையில் அடித்திருந்த கொக்கியில் தன்னை மாட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்த கயிற்று நுனியை அவிழ்த்தாள். அதை அந்தப் பக்கமாகச் சுற்றி இழுத்ததில் கயிறு முள்ளோடு வந்தது. பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது. உச்சிக்கு இன்னும் ஒரு கட்டம். கெடு முடிய இன்னும் அரைமணிதான். அக்கா நுனியை எடுத்து இரண்டே வீச்சில் மறுபடி இடுப்பில் கட்டினாள். "போவோம்" என்று பாறையில் கை வைத்தாள்.

இரண்டு அடி ஏறியபோது அவள் இடுப்பு என் கண்ணுக்கு நேராக வந்தது.

முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை வால் என்போம். அது ஒரு சாண் இருக்க வேண்டும். கயிற்றில் பாரம் விழ விழ முடிச்சு நகர்ந்து நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வால் குட்டையாக இருந்தால் முடிச்சே அவிழ்ந்துவிடும். அக்காவின் முடிச்சில் வால் இரண்டு விரல் அளவுதான் இருந்தது.

நான் தப்பாகப் பார்க்கிறேன் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அவளுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அதற்குள் அவள் இன்னொரு அடி ஏறிவிட்டாள். இப்போது கூப்பிட்டால் மறுபடி இறங்க வேண்டும், அவிழ்க்க வேண்டும், கட்ட வேண்டும். நேரம் போய்விடும். லீடர் பதவியும் அந்த லெட்டரும் அதோடு போகும். சும்மா இருந்தால் அநேகமாக ஒன்றும் ஆகாது. அக்கா விழுந்து நான் பார்த்ததில்லை.

அந்த 'அநேகமாக'தான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

"அக்கா, நில்லுங்கோ!" என்று கத்தினேன். "உங்க முடிச்சு! வால் இல்லை!"

ஜாஸ்மின் என்னை முறைத்தாள். "ஏட்டி, அக்கா முடிச்சவா சொல்லுத?"

அக்கா ஒரு கையால் பாறையைப் பிடித்தபடி குனிந்து இடுப்பைப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு காலாக, மிக மெதுவாக, கீழே இறங்கி வந்து தன்னைக் கொக்கியில் மாட்டிக்கொண்டாள்.

"தறி முடிச்சு" என்றாள். "தறியில போடுத மாதிரியே போட்டிருக்கேன்."

எனக்குப் புரிந்தது. அவள் கம்பெனிக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். தறியில் ஒரு பாவு நூல் அறுந்தால், முடிச்சுப் போட்ட கையோடு கத்தரியால் வாலை ஒட்ட நறுக்கிவிடுவாள். வால் நீண்டால் நூல்கள் நுழைந்து போகும் அச்சில் மாட்டிப் பக்கத்து நூலையும் அறுத்துவிடும். ஒரு ஷிப்டுக்கு நூறு முடிச்சுக்குக் குறையாது. ஒன்பது வருஷமாக அதுதான் வேலை. அவசரத்தில் மனசை விட்டுவிட்டுக் கை தானாகத் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது.

அவள் அவிழ்த்துக் கட்டப் போனாள். விரல்கள் நடுங்கின. ஒரு தடவை, இரண்டு தடவை, எட்டு வடிவ முடிச்சு சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தி, கயிற்று நுனியை என்னிடம் நீட்டினாள்.

"நீ கட்டிக்கோ. முன்னால நீ போ."

"நானா?"

"எனக்குக் கை நடுங்குது. நடுங்குத கையோட முன்னால ஏறக் கூடாது. உங்களுக்கெல்லாம் நான்தான சொல்லிக் குடுத்தேன்? இந்த விரிசலு ஒனக்கு வரும். போன மாசம் மேலருந்து கயிறு கட்டி ரெண்டு வாட்டி ஏறினேல்லா."

ஜாஸ்மினுக்குக் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, நோட்டுல அவ பேருல்லா வரும். ஒங்க லெட்டரு..."

"வரட்டும். மூணு பேரும் மேல போவணும். எம்புட்டு நேரம் இருக்கு?"

"பதினெட்டு நிமிஷம்."

நான் கட்டினேன். அக்கா என் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். ஜாஸ்மினையும் பார்க்கச் சொன்னாள். ஜாஸ்மின் கயிறு விட, நான் ஏறத் தொடங்கினேன்.

எனக்கு முன்னால் யாரும் இல்லாமல் ஏறியது அதுதான் முதல் தடவை. அதுவரை ஏறும்போதெல்லாம் அக்காவின் ஷூ தேய்த்த இடத்தில் கால் வைத்தால் போதும். இப்போது பாறை வெறும் பாறையாக இருந்தது. விரிசலுக்குள் கையை நுழைத்து முறுக்கினேன். தோல் உரிந்தது. கீழிருந்து அக்காவின் குரல் மட்டும்தான் வந்தது: "இடது கால். சரி. மூச்சு விடு. சரி." வேறு ஒன்றும் அவள் சொல்லவில்லை. 'பயப்படாதே' என்றுகூடச் சொல்லவில்லை. விரிசலின் நடுவில் எனக்குப் பனி நினைவு வரவில்லை. வேறு எதுவுமே வரவில்லை. ஒரு கல், அதற்கு மேலே இன்னொரு கல். எட்டு மாதத்தில் முதல் முறையாக நான் இருக்கிற இடத்திலேயே முழுசாக இருந்தேன்.

உச்சி விளிம்பில் மார்பைப் போட்டு ஏறி, கொக்கியில் மாட்டிக்கொண்டு, "வாங்கோ!" என்று கத்தினேன். கயிற்றை இழுத்துப் பிடித்தேன். ஜாஸ்மின் வந்தாள். கடைசியாக அக்கா. மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தது.

ஜாஸ்மின் தகர டப்பாவைத் திறந்து நோட்டை என் மடியில் போட்டாள். "நாலாவது கட்டத்துலயும் அக்கா பேரையே எழுதிரு. கீழ இருந்து பாத்தா அந்தப் பக்கம் தெரியாது. பாறையா வந்து சாட்சி சொல்லப் போவுது?"

அது எனக்கும் நியாயமாகவே பட்டது. நான்கு கட்டத்திலும் 'ஜெயசித்ரா' என்று எழுதினேன். மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். நோட்டைப் பிடுங்கினாள். நான்காவது பெயரை அடித்து 'அனுக்ரஹா' என்று எழுதி, அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'என் முடிச்சு தப்பு. இவள் பார்த்தாள்.' லீடர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

கீழே வந்தபோது மற்ற இரண்டு அணிகளும் எங்களைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தன. உச்சியிலிருந்து நோட்டை எடுத்து வந்த ஹரிகிருஷ்ணன் சார் எங்கள் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, ஜெயசித்ரா."

"ஆமா சார்."

"பொறவு ஏன் எழுதின? லீவு விஷயம் எனக்கும் தெரியும்."

அக்கா என் பக்கம் கை காட்டினாள். "மறைச்சிருந்தா, அடுத்த வாட்டி என் முடிச்சு தப்பா இருந்தா இவ வாயத் தொறக்க மாட்டா சார். அங்க பனியில ஒம்போது பேரு என் கூட வருவாங்க. ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா."

சார் நோட்டை மூடி, மதுரை அணி நின்ற பக்கம் போனார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. எல்லாம் என் வாயால் வந்தது என்று ஜாஸ்மினிடம் சொன்னேன். "செத்த பேசாம இரு" என்றாள்.

ஒரு மணிக்கு எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து சார் பட்டியலை வாசித்தார். மதுரையில் அணியோடு கிளப்பிலிருந்து இன்னொருத்தியும் சேர்த்து நான்கு பேர், தேனியில் மூன்று பேர், எங்களில் மூன்று பேரும்.

"லீடர், ஜெயசித்ரா" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. எங்கள் நோட்டுப் பக்கத்தை மதுரை அணியின் லீடர் கையில் கொடுத்து, "சத்தமா வாசி" என்றார். அவள் வாசித்து முடித்ததும் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கண்டக்டர் எங்கள் கயிற்றுப் பையைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"எவிய வீட்டு மாடும்மா கெணத்துல விழுந்துச்சு?"

"மாடு இல்லண்ணே" என்றாள் ஜாஸ்மின். "மலை. இமயமலை."

"சரித்தான். யாரு, நீங்க மூணு பேருமா?"

பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட எனக்குச் சத்தம் வராது. அன்றைக்கு வந்தது. "பத்துப் பேர் போறோம். இவாதான் லீடர். எங்க ஜெயசித்ரா அக்கா." டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கும். முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"ஏட்டி, சும்மா இரு" என்று அக்கா என் தோளில் ஒன்று வைத்தாள். ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கன்னம் சிரிப்பில் மேடாகியிருந்தது பின்னாலிருந்தே தெரிந்தது.