இருவர் ஆட்டம்

ஆஸ்பத்திரி லேபில் பதினான்கு வருடமாக மற்றவர்களின் சளியையும் சிறுநீரையும் மலத்தையும் டப்பா டப்பாவாக வாங்கி மூடி திறந்து பார்ப்பவள் அவள். அருவருப்பு என்ற ஒன்று அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்து அறையிலேயே சாப்பாட்டு டப்பாவையும் திறந்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கே, ஐந்து வாரமாகக் கூடத்து மூலையில் கிடக்கும் அந்த மேஜையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

மேஜைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதைச் சுற்றி ஆறேழு பென் டிரைவ், காய்ந்துபோன காபி வளையங்கள், கடித்துத் துப்பிய நகத்துண்டுகள். நடுவில் அவள் கணவன். ஒரு பெரிய கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன், வீட்டில் ஒரு பெட்டியை எழுப்ப முடியாமல் முக்கிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், மனிதர் அதை இடது கையால் வாங்கி ஜன்னலுக்கு வெளியே வீசினார்.

"அவருக்குப் பிடிச்ச விளையாட்டு ஏதாவது இருந்தா குடுங்கம்மா. விரல் வேலை செய்யணும், அவ்வளவுதான். இந்த மூணு மாசம் ரொம்ப முக்கியம். விட்டுட்டா அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் கஷ்டம்."

பிடித்த விளையாட்டு இருந்தது. லாரி ஓட்டிக் காலம் கழித்த மனிதர், மகன் படிப்பதற்காக வாங்கிய இதே கம்ப்யூட்டரில் மகனைவிட அதிகமாக விளையாடியவர். பாறைகளுக்கு நடுவே இரண்டு படகுகள் முட்டி மோதிக்கொண்டு போகும் ஓர் ஆட்டம். ஒரே கீபோர்டில் இடது பக்கம் மகன், வலது பக்கம் அப்பா. முழங்கையால் இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு விளையாடுவார்களாம். அந்தக் கீபோர்டின் கனத்த பொத்தான்கள்தான் விரலுக்கு நல்லது என்று பிசியோதெரபிஸ்டும் சொல்லிவிட்டார்.

"ரெண்டே நாள்ல ரெடி பண்ணிடறேன்," என்றான் கணவன். "பழைய விண்டோஸ் வேணாம். எடை குறைஞ்ச லினக்ஸ் ஒண்ணு போட்டா பறக்கும்."

பறக்கவில்லை. எதைப் போட்டாலும் பத்து நிமிடம் ஓடிவிட்டுத் திரை உறைந்தது. "சிஸ்டம் கனம்," என்று அடுத்ததுக்குத் தாவினான். நானூறு எம்.பி. மெமரி தின்பது போய் இருநூறு தின்பது வந்தது. பிறகு நூறு, பிறகு நாற்பத்தெட்டு. பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இவ்வளவு யோசித்ததில்லை, இரண்டாவது வீட்டிலேயே தலையாட்டிவிட்டான். இணையத்தில் முகம் தெரியாத எவனிடமோ, எந்த சிஸ்டம் லேசு என்று மல்லுக்கு நின்றான். உள்ளறையில் மாமனாரின் விரல்கள் நாளுக்கு நாள் மடங்கி இறுகின.

ஞாயிறு காலை அவன் முடிவெட்டப் போன நேரம், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள்.

உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருந்தது. கரப்பான் ஓடுகள், முட்டைக் கூடுகள், அப்பளமாய்க் காய்ந்த ஒரு பல்லி. விசிறியில் தலைமுடியும் ஒட்டடையும் பூச்சிக் கழிவும் சேர்ந்து கம்பளிபோல அடைத்திருந்தன. காற்று போக வழியில்லாமல் பெட்டி சூடேறித்தான் உறைந்திருக்கிறது. லேப் கையுறையை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வழித்து ஒரு செய்தித்தாளில் கொட்டினாள். கனம் என்று அவன் முதல் வாரமே ஒதுக்கிய சிஸ்டம் இருந்த பென் டிரைவைச் செருகினாள். ஆட்டம் ஒரு மணி நேரம் விக்காமல் ஓடியது.

திரும்பி வந்தவன் செய்தித்தாளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். "உவ்வே! எடுத்து வெளிய போடு முதல்ல!"

"அஞ்சு வாரமா ஆறு சிஸ்டம் மாத்தினீங்க. மூடியை ஒரு தடவை திறந்து பார்த்தீங்களா?"

"ஹார்ட்வேர் என் வேலை இல்ல."

"சரி விடுங்க. இப்ப ஓடுது. வாங்க, மாமாவைக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்போம்."

அவன் நகரவில்லை. "இரு, இன்னொண்ணு பார்த்து வெச்சிருக்கேன். முப்பத்தாறு எம்.பி.தான் எடுக்குமாம். ரெண்டே நாள்..."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீபோர்டின்மேல் அவன் இழுத்து ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தாள். அவன் தனக்கென்று தனியாக எடுத்துவைத்துக்கொண்ட டம்ளர் ஞாபகம் வந்தது. அப்பா அறை வாசலிலேயே நின்று, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவதும் ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு சிஸ்டம் பிரச்சினை இல்ல. அவர் பக்கத்துல உக்காரணும், அதான் பிரச்சினை."

அவன் முகம் சுருங்கியது. "அந்த எச்சில்... எனக்குக் குமட்டுது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

அவள் சொல்ல ஆரம்பித்தால் தெருவே கூடிவிடும். மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, வலது பக்க நாற்காலியில் உட்கார வைத்தாள். இடது பக்கம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒருவர் ஆட்டமா, இருவர் ஆட்டமா என்று திரை கேட்டது. அம்புக்குறியை இரண்டின்மேல் அவளே வைத்தாள்.

மாமனார் படகுகளைக் கண்டதும் சிரித்தார். சிரித்ததில் எச்சில் நூலாக இறங்கிக் கீபோர்டில் விழுந்தது. திரும்பி மகனைப் பார்த்தார். இடது கையால் பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

மகன் சுவரோரமாக நின்றான். மூக்கில் கைக்குட்டை.

"நீ விளையாடுப்பா. நான் இங்க இருந்தே பார்க்கறேன்."

அவர் அந்தக் கைக்குட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரைப் பக்கம் திரும்பினார். மடங்கிக் கிடந்த வலது கையைத் தோளால் இழுத்துக் கீபோர்டின்மேல் போட்டார். நெற்றி வியர்த்தது. ஆள்காட்டி விரல் நடுங்கிக்கொண்டே, மெள்ள, மிக மெள்ள நிமிர்ந்தது. மேல்நோக்கிய அம்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தியது.

அம்புக்குறி இருவர் ஆட்டத்தை விட்டு ஒருவர் ஆட்டத்துக்கு ஏறியது.

"விரல் அசைஞ்சிடுச்சு! பார்த்தியா, அப்பாவுக்கு விரல் அசைஞ்சிடுச்சு!" என்று கணவன் கைதட்டிக் குதித்தான். நிஜமாகவே சந்தோஷப்பட்டான்.

பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குத் தொண்டைவரை குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் மாமனாரின் வாயைத் துடைத்துவிட்டாள். கணவன் நின்ற இடத்திலிருந்து ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.