தொடக்க உரைக்கு அழைத்தவர்

சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளராகச் சேர்ந்து சித்திகாவுக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தொண்ணூற்றாறு டிசம்பரில் வருமான வரிச் சட்டம் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்துவதென்று முடிவானபோது, ஆடிட்டர்களையும் வக்கீல்களையும் அழைக்கிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

பஸ் ஏறி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். "பார்க்கலாமுங்க" என்பதற்கு மேல் யாரும் பிடி கொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற வரி அதிகாரி சீனிவாசலு மட்டும் தலைப்பைக் கேட்டதுமே தொடக்க உரைக்குச் சம்மதித்தார். அவர் வருகிறார் என்றதும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். அழைப்பிதழ்கள் அச்சாகித் தபாலிலும் போய்விட்டன.

வெளியூர் போயிருந்த முதல்வர் வெங்கடபதி திரும்பி வந்து அழைப்பிதழைப் பார்த்ததும் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, இவரு யாருன்னு தெரியுங்களா? நாலஞ்சு வருசத்துக்கு முன்னால நம்ம செயலாளர் ஊட்டுல ரெய்டு நடத்துனவரு!"

செயலாளர் சுப்பண்ணன் பம்ப்செட் கம்பெனி முதலாளி. கல்லூரியே அவருடையது.

"கார்டெல்லாம் போயிருச்சுங்களே சார்."

"அப்ப செயலாளர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க. வேற ஆள் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது."

அன்று சாயங்காலமே பீளமேட்டில் அவர் வீட்டுக்குப் போனாள். சுப்பண்ணன் அழைப்பிதழை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பெயர் வந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்."

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "செல்லாத்தா, இங்க வா. சீனிவாசலு நம்ம காலேஜுக்கு வாராராம்."

அவர் மனைவி செல்லாத்தாள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். "ஏனுங்க, பாப்பாளப் பரிச்சைக்கு அனுப்பிச்சாரே, அவருங்களா?"

"அவரேதான்."

சித்திகா புரியாமல் இருவரையும் பார்த்தாள்.

"அன்னைக்குப் பொண்ணுக்குப் பன்னெண்டாம் வகுப்புக் கணக்குப் பரிச்சை, அம்மணி" என்றார் சுப்பண்ணன். "ஊட்டுக்குள்ள ஆளுங்க நிக்கறாங்க, வாசல்ல போலீசு. பொண்ணு அழுவுது. இந்த மனுசன் பையை மட்டும் பாத்துப்போட்டு, 'நீ போய் நல்லா எழுதும்மா'ன்னு அவரு ஜீப்புலயே அனுப்பி வச்சாரு. வரி போட்டாரு, கட்டுனேன். அதுல எனக்கு இன்னும் வருத்தந்தான். ஆனா இதுக்கு ஒரு நன்றி சொல்லோணும்னு இருந்தேன். கேஸ் நடக்கறப்ப போய்ச் சொன்னா தப்பாயிருமேன்னு அப்படியே விட்டுப்போச்சு."

"வரச் சொல்லு கண்ணு. பாப்பா இப்ப டாக்டருக்குப் படிக்கறான்னும் சொல்லு" என்றார் செல்லாத்தாள்.

வெளியே வந்து காம்பவுண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள் சித்திகா. அழுகை வரும் போலிருந்தது, சிரிப்பு வந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து சீனிவாசலுவுக்குப் போன் செய்து, கல்லூரி யாருடையது என்பதைச் சொன்னாள்.

"நான் வரலாமாம்மா?" என்றார் அவர்.

"அவங்களே வரச் சொன்னாங்க சார். பரிட்சைக்கு அனுப்பினீங்களாமே, அந்தப் பொண்ணு இப்ப டாக்டருக்குப் படிக்குதாம்."

"ஓ" என்றார். பெரிதாக ஒரு மூச்சுவிட்டது கேட்டது. "கணக்குல நல்ல மார்க்கா?"

அது சித்திகாவுக்குத் தெரியவில்லை.

கருத்தரங்கு நாளில் காலையிலேயே தூறல். யார் வருவார்கள் என்று சித்திகா வாசலிலேயே நின்றாள். உடுமலைப்பேட்டை, பெருந்துறை ஆடிட்டர்கள்கூட நனைந்த குடைகளோடு வந்து இறங்கினார்கள். வாசலில் சீனிவாசலுவைக் கண்டதும் சுப்பண்ணன் இரண்டடி முன்னால் போய்க் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார். இருவரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

முதல்வர் சித்திகாவைப் பார்த்துத் தலையசைத்தார். அரங்கம் நிரம்பி, பின்வரிசைக்கு நாற்காலி போதவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்து, மூன்று இட்லியை நிதானமாகச் சாப்பிட்டாள்.