மஞ்சளில் பிடித்து வைத்த குமுதவல்லி

காலை ஏழே காலுக்குக் குமுதவல்லி முழுக்க மஞ்சளாகிவிட்டாள். நகம் மஞ்சள், கண் மஞ்சள். கல்யாண மண்டபத்தில் அப்போதுதான் பிள்ளையார் பிடிக்க மஞ்சள்தூளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவளைத் தூக்கி வாழையிலையில் உட்கார்த்தினார்கள். இலை தாங்கியது.

அறுகம்புல் கிடைக்கவில்லை. நாத்தனார் ரஞ்சிதம் அவள் தலையில் கீழாநெல்லியைச் செருகினாள்.

"காமாலைக்கும் ஆச்சு, பூசைக்கும் ஆச்சு அண்ணி."

"இது கீழாநெல்லிக்கு அடங்கற காமாலை இல்லடி. பித்தப்பைக் கல்லு நழுவிக் குழாயை அடைச்சிருக்கு. அடைச்சா அன்னிக்கே எடுக்கணும், இல்லேன்னா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு நீங்கதானே ஆபரேஷனைத் தள்ளிப்போட்டீங்க?"

"அது மனுஷியா இருந்தப்போ சொன்னது."

"பிள்ளையார் பேசப்படாதும்மா" என்றார் ஐயர்.

விலாவுக்குக் கீழே வலி முறுக்கி முதுகுக்குப் பாய்ந்தது. பின்னாலேயே குளிர்காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"சாமி வந்திருச்சு!" பெண்கள் குலவையிட்டார்கள்.

"பிள்ளையார் ஆடற வழக்கம் கிடையாதே" என்று ஐயர் மட்டும் சந்தேகப்பட்டார். தவில்காரர் வேகத்தைக் கூட்டினார்.

அவளுடைய டாக்டரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். ஸ்கேன் படத்தைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"வயித்துல நிறைய கொழுக்கட்டை. பிள்ளையாருக்கு இது நார்மல்."

சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

தாலி கட்டியாயிற்று. ஐயர் குமுதவல்லியை வடக்கே கொஞ்சம் நகர்த்தினார். பிள்ளையாருக்கு விடைகொடுக்கும் முறை அது. அடுத்து, தண்ணீரில் கரைக்க வேண்டும். ரஞ்சிதம் அண்டாவை இழுத்து வந்தாள்.

"காலை உள்ள வைங்க அண்ணி. வலியே தெரியாது."

குமுதவல்லி கீழாநெல்லியைப் பிடுங்கி அண்டாவில் எறிந்தாள். அண்டாவை எட்டி உதைத்தாள். இலையை விட்டு இறங்கி நடந்தாள். நடக்க நடக்க மண்டபம் நீண்டது. நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து அவளும் விடாமல் நடந்தாள்.

டாக்டரின் இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தது. அந்த இலையை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மேசைமேல் ஏறி மல்லாந்து படுத்தாள். சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள்.

"கல்லும் கரையாது டாக்டர், நானும் கரைய மாட்டேன். எழுந்து கை கழுவிட்டு வர்றீங்களா, இல்ல அந்தப் பாயசக் கரண்டியால நானே எடுத்துக்கட்டுமா?"