டாக்டருக்கு ஊர் காட்டிய நாள்

அந்த மலையூரில் பதினெட்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறவர் அவர். ஏரி, அருவி, பள்ளத்தாக்கு பார்க்கும் முனை என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தாலும் அன்று காலை அவர் மனைவி வாசல் வரை வந்தாள். அவள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடமாக டாக்டர் கிடையாது.

“ஏங்க, டாக்டரம்மாவுக்கு ஊரு பிடிச்சாத்தான் வேலையை ஒத்துக்குவாங்களாம். நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. வழக்கம்போல வாயை விட்டுடாதீங்க.”

“நான் எப்ப வாயை விட்டேன்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் நிலையத்தில் டாக்டரையும் அவர் கணவரையும் ஏற்றிக்கொண்டபோதே பனிமூட்டம் கவிந்துவிட்டது. முனையில் வண்டியை நிறுத்தி, “இதோ கீழ தெரியுது பாருங்க, அதுதான் பள்ளத்தாக்கு” என்று பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். முழங்கைக்கு அப்பால் அவர் கையே தெரியவில்லை.

“ரொம்ப அழகா இருக்கு” என்றார் கணவர், சிரிக்காமல்.

ஏரியும் அதே கதைதான். கரையில் கட்டிய படகு ஒன்று மட்டும் பாதி தெரிந்தது.

“இதெல்லாம் இருக்கட்டும். ஜனங்க இருக்கற இடத்தைக் காட்டுங்க” என்றார் டாக்டர்.

கடைத்தெரு, பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ். மருந்துக் கடையில் டாக்டர் மட்டும் இறங்கிப் போனார். அலமாரியில் முக்கால்வாசி இருமல் மருந்துதான். திரும்பி வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, “போன டாக்டர் ஏன் போயிட்டார்?” என்று கேட்டார்.

“பசங்க படிப்புக்காக, மேடம். மத்தபடி இங்க ஒரு குறையும் இல்லை.”

“அவசரம்னா கீழ ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம்?”

“ஒண்ணே கால் மணி நேரம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடலாம்.”

“மழை நாள்ல?”

மனைவி சொன்னது நினைவில்தான் இருந்தது.

“மூணு மணி நேரம். மண் சரிஞ்சா அதுவும் சொல்ல முடியாது. என் தங்கச்சியை இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். பாதி வழியிலேயே பிரசவம் ஆயிடுச்சு.”

“குழந்தை?”

“தங்கலை.”

பின்சீட்டில் கணவர் சிக்னல் இல்லாத போனையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் நிலையத்தில் இறங்கும்போது அவர்தான் நன்றி சொன்னார். டாக்டர் தலையை மட்டும் அசைத்தார்.

நடந்ததை வீட்டில் மனைவியிடம் மறைக்காமல் சொன்னார். மனைவி திட்டியிருந்தால் தேவலை. தட்டில் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு, சீருடைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள். அடுத்த தெருவில் இருந்த தங்கையோ அலட்டிக்கொள்ளவில்லை.

“கேட்டாங்க, சொன்னே. இதுல என்ன இருக்குண்ணே?”

அதன் பிறகு மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து பஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. போனால், மூன்று பெட்டிகளோடு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். தனியாக.

“சார் வரலையா, மேடம்?”

“அவருக்கு இஷ்டமில்லை.” டாக்டர் முதல் பெட்டியைத் தானே தூக்கினார்.

பெட்டிகளை ஏற்றி முடித்ததும் டாக்டர் ஒரு சின்ன நோட்டைத் திறந்தார். “மழை நாள்ல எந்த நேரம் கூப்பிட்டாலும் வண்டி எடுக்கறவங்க யார் யாருன்னு சொல்லுங்க. முதல்ல உங்க நம்பர்.”

தன் நம்பரைச் சொன்னார். தங்கை கணவரும் ஜீப் ஓட்டுகிறவர்தான்; அந்த மச்சானுடையதையும் சொன்னார். மச்சானிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

டாக்டர் நான்கு வருடம் இருந்தார். அந்த நான்கு வருடத்தில் மழையோடு மழையாக நோயாளியை ஏற்றிக்கொண்டு இவர் ஜீப் ஆறு முறை கீழே இறங்கியது. ஒவ்வொரு முறையும் டாக்டர் கூடவே வந்தார். ஐந்து பேர் பிழைத்தார்கள்.